வெறுங்கல்

கிழக்கு வெளுக்கும் முன்பே கால்வாய்க் கரையில் அடி விழத் தொடங்கிவிடும்.

எரியும் ஓலைச் சூட்டை வீசிக்கொண்டு பெண்கள் வருவார்கள். சூட்டை ஈரமணலில் குத்தி அணைத்துவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்கள். மாதக்கணக்கில் சேற்றுக்குள் அழுகிக் கிடந்த தேங்காய்த் தொண்டுகளை வாரிக் கரையில் போடுவார்கள். அந்த நாற்றம் புதிதாய் வருகிறவளை முதல் நாள் வாந்தி எடுக்க வைக்கும். மறுநாள் சோற்றிலும் அது அடிக்கும். அதற்குப் பிறகு எதிலும் அடிக்காது.

தொண்டின் மேல்தோலை உரித்துக் கல்லில் வைத்து, ஒரு கை அதைப் புரட்ட மறுகை கொட்டுவடி என்ற மரத்தடியை ஓங்கி அடித்துத் தல்ல வேண்டும். சதையெல்லாம் சோறாய் உதிர்ந்து பொன்னிற நாராய்த் தும்பு மட்டும் மிஞ்சும்வரை தல்ல வேண்டும். கறுத்த சாறு முகத்தில் தெறிக்கும். விரல் இடுக்குகள் வெடித்து அதில் உப்புநீர் ஏறும். இருபது முப்பது பேரின் அடியும் சேர்ந்து ஒரே தாளமாகி இனயம் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு. கொச்சியில் கயிற்று விலை சரிந்துவிட்டது என்று சொல்லி யேசுரத்தினம் முதலாளி கூலியை இரண்டு முறை குறைத்திருந்தார். இரண்டு முறையும் பெண்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு முறையும் ஒருத்தியும் கொட்டுவடியைக் கீழே வைக்கவில்லை.

ராகேலும் ஒரு காலத்தில் அந்தக் கல்லின் முன் உட்கார்ந்தவள்தான். பத்து வருஷம் ஓங்கி ஓங்கி அவள் வலது கை மணிக்கட்டோடு மரத்துப் போயிற்று. அடுப்புக் கங்கு பட்டாலும் தோல் கருகும் வாசனை வந்துதான் அவளுக்குத் தெரியும். இனி தல்ல முடியாது என்றானபோது, மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் மடியில் போட்டார்கள். காலையில் கல்லில் வைக்கும் முதல் தொண்டை ஒவ்வொருத்தியும் ராகேலுக்கென்று தல்லி, அந்தத் தும்பைத் தனியே போடுவாள். அதற்குப் பிள்ளைத் தொண்டு என்று பெயர். யாரும் உத்தரவு போட்டு வந்ததல்ல. முதல் தொண்டு பிள்ளைக்கு என்று கை தானாகவே ஒதுக்கும். அதைக் கருங்கல் ஊர்ச் சந்தையில் விற்றுத்தான் ராகேல் கஞ்சி குடித்தாள்.

கரையோரத்து ஓலைக் கொட்டகையான புரையில் பிள்ளைகள் கிடப்பார்கள். பிறந்த மாதத்திலிருந்தே அடிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவை. காது பிளக்கிற அந்த இரைச்சலில், வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாக உறங்கும். உச்சிவேளையில் பெண்கள் கஞ்சி குடிக்கக் கொட்டுவடியை வைத்தால் போதும், அத்தனையும் ஒன்றாய் விழித்துக்கொண்டு அலறும்.

ஐப்பசியில் முதலாளி விற்காத தும்பை அந்தப் புரைக்குள் அடுக்கிப் பூட்டுப் போட்டார். பிள்ளைகள் புன்னை மரத்தடிக்கு வந்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தொண்டு அம்பாரம். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் ஒரு பெண்குழந்தை தவழ்ந்து தண்ணீரை நோக்கிப் போக, ராகேல் எழுந்து ஓடி அதைப் பிடித்தாள். திரும்பியபோது அம்பாரம் சரிந்து கிடந்தது. தொண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை தெரிந்தது.

செல்லத்தாயின் மகன் வைகுண்டராஜன். இவ்வளவு பெரிய பெயரைச் சுமக்கிற வயசில்லை. நடக்கப் பழகியே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ராசன் என்று கூப்பிடுவார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

கருங்கல் பக்கத்திலிருந்து எலும்பு கட்டும் ஆசான் வந்து எலும்பை இழுத்துச் சேர்த்தார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். உடைந்த வள்ளத்தின் பலகை ஒன்றில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணைகொடுத்தார்.

"கட்டு அவுக்கது வர இவனுக்க கால் தரையில படப்பிடாது. ஒறங்கட்டும். எவ்வளவு ஒறங்குதானோ அவ்வளவுக்கு எலும்பு கூடும்," என்றார்.

அன்றிலிருந்து ராகேலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. பசி வரவில்லை. மணிக்கட்டில் நின்றிருந்த மரப்பு தோள் வழியாக ஏறி உள்ளே இறங்கிவிட்டது போலிருந்தது. பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். ராசன் விழித்தால் சிரட்டையில் மணல் அள்ளிக் கொட்டி விளையாட்டுக் காட்டினாள். செல்லத்தாய் அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். காலையில் பலகையின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை ராகேல் பிடிப்பாள். மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கல்லுக்குப் போய்விடுவாள்.

அப்படி ஒரு காலையில்தான் முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் மேஸ்திரி குடை பிடித்தான்.

"ஏட்டி ராகேல். பிள்ளைய நோக்கத் தெரியல்லண்ணா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே. ஊரெல்லாம் எனக்க பேரச் சொல்லி ஏசுதானுவ."

ராகேல் எழுந்து நின்றாள். "சரி மொதலாளி," என்றாள்.

எது சரி என்று அவளுக்கே தெரியாது. வாய் சொல்லிற்று.

கல்லுக்கு முன்னிருந்து ராஜபாய் தலையைத் தூக்கினாள். கரையிலேயே நாக்கு நீளமானவள் அவள்தான். "மொதலாளிக்க தும்பு நனஞ்சா சளி பிடிக்கும். அதுக்குப் புர வேணும். எங்க பிள்ளையளுக்கு மரத்து மூடு போதும், இல்லியா?"

நாலைந்து பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

"தும்பு நனஞ்சு நாறிப்போச்சுண்ணா ஒங்களுக்குச் சோலி உண்டாட்டி? ஒங்க நல்லதுக்குத்தான் ஆக்கும் நான் பாக்கது." முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு செல்லத்தாயின் பக்கம் திரும்பினார். "நீ பெத்த தள்ளயில்லியா. நீ சொல்லு பிள்ளே. ராகேலுக்க கவனக்கொறவுண்ணு ஒரு வார்த்த எல்லாரும் கேக்கச் சொல்லு. நாளைக்கே எனக்க வில்லுவண்டியில ஆசானுக்க வீட்டுக்கு அனுப்புதேன். கட்டு மாத்துக நாளெல்லாம் வண்டி வரும்."

அடி நின்றது. மரத்தடியில் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் விழித்து முனகத் தொடங்கின.

ராகேல் செல்லத்தாயைப் பார்க்கவில்லை. தன் கால்விரல்களைப் பார்த்தாள். அவள் சொல்லப் போவது என்னவானாலும் நியாயம்தான் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் யாரோ பக்கத்தில் நின்று சொல்வது போல இருந்தது.

செல்லத்தாய் முகத்தில் வழிந்த கறுத்த சாற்றைத் தோளில் துடைத்தாள்.

"புர பூட்டிக் கிடக்கு மொதலாளி. அதுக்கத் தாக்கோல் ராகேலக்காக்க கையிலயா இருக்கு?"

முதலாளியின் மடியில் கிடந்த சாவிக்கொத்து எல்லார் கண்ணிலும் பட்டது. அவர் அதை வேட்டிக்குள் செருகினார்.

"அப்பிடியா காரியம். கேட்டுக்கிடுங்க. நாளைக்கு மொதல் ஒரு பிள்ளையும் இந்தக் கரையில கால் வைக்கப்பிடாது. ராகேலும் வரப்பிடாது. பிள்ளத் தொண்டுண்ணு இனி ஒரு தும்பு மாறினா அது களவு. இஞ்ச கிடக்க தொண்டெல்லாம் எனக்க தொண்டு."

"சரி மொதலாளி," என்றாள் ராகேல்.

முதலாளி போனார். மேஸ்திரி நின்று முறைத்தான். ஒரு கொட்டுவடி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். அன்றும் வேலை நிற்கவில்லை.

மறுநாள் ராகேலின் குடிசைக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. சின்னக் கோயிலுக்குப் பின்னால், கால்வாயை விட்டு வெகுதூரம் தள்ளிய குடிசை. காக்கை கத்தினால் கேட்கும். ஓலையில் அணில் ஓடினால் கேட்கும். மற்றபடி ஓசை கிடையாது.

ஒரு பிள்ளையும் உறங்கவில்லை.

பெரியவை முற்றத்தில் களைத்து விழுந்தன. ராசனுக்கு அந்த வழியும் இல்லை. பலகையில் கிடந்து தலையை இரண்டு பக்கமும் உருட்டினான். காதைப் பிய்த்துக்கொண்டான். அழுது அழுது தொண்டை கட்டிய பிறகு முதுகை வளைத்து எழப் பார்த்தான். மணல் மூட்டை சரிந்தது. ராகேல் அவன் இடுப்பை ஒரு கையாலும் முழங்காலை ஒரு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பாடிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திமிறினான். வெயில் ஏறி இறங்கும்வரை அவள் அந்தப் பிடியை விடவில்லை.

சாயங்காலம் கையை எடுத்தபோதுதான் பார்த்தாள். அவன் முழங்காலில் அவளுடைய விரல்கள் சிவந்த தடமாய்ப் பதிந்திருந்தன. வலது கை. அது எவ்வளவு அழுத்தியது என்று அதற்கே தெரியாது. தப்பைக் கட்டு ஒரு விரற்கடை நழுவியிருந்தது.

ராகேல் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்லத்தாய் ஆசானோடு வந்தபோதும் அப்படியே இருந்தாள்.

ஆசான் கட்டைப் பிரித்து எலும்பைத் தடவினார். ராசன் கத்திய கத்தலில் முற்றத்துப் பிள்ளைகளும் அழுதன. திரும்பக் கட்டி முடித்து எழுந்தார்.

"தெய்வம் காத்திச்சு, எலும்பு வெலகல்ல. இனி ஒருக்க இப்பிடித் துள்ளினாண்ணா கால் கோணிப் போவும். கோணின எலும்ப நேராக்கணும்னா திருப்பி ஒடைக்கணும். நான் செய்ய மாட்டேன். எதுக்கு இவன் ஒறங்காமக் கிடந்தான்?"

பதிலுக்கு நிற்காமலே அவர் போய்விட்டார்.

"அடிச் சத்தம் கேக்கல்ல. அதாக்கும்," என்றாள் ராகேல். பல நாளைக்குப் பிறகு அவள் செல்லத்தாயிடம் பேசிய முதல் வார்த்தை அது.

செல்லத்தாய் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நான் ஒங்கிட்ட ஒரு வார்த்த மிண்டாம இருந்தது கோவத்துல இல்லக்கா. ஒனக்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அழுக வரும். அழுதா கொட்டுவடி ஓங்க முடியாது. அதுதான்."

"அண்ணைக்கு அந்தப் பெண்பிள்ள தண்ணிக்குப் போச்சு."

"தெரியும். நானும் எனக்க கல்லுல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். நீ அதப் பிடிக்காம நின்னிருந்தா ஒரு வீட்டுல சாவு விழுந்திருக்கும்." செல்லத்தாய் எழுந்தாள். "இவன் கரைக்கு வரணும். நீயும் வரணும். நான் ராஜபாயிட்டப் போறேன்."

பெண்கள் குளித்து ஏறும் படித்துறையில் அந்தப் பேச்சு நடந்தது. ஈரத்தலையோடு கேட்டார்கள். ராசனின் முழங்கால் தடத்தைச் செல்லத்தாய் சொன்னாள். தன் பிள்ளையும் இன்று உறங்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள். தன் பிள்ளையும்தான் என்றாள் இன்னொருத்தி. பூட்டைத் திறந்து, தும்பை வெளியே எடுத்து, ராகேலையும் பிள்ளைகளையும் புரைக்குள் விடுகிறவரை ஒரு தொண்டும் கல்லில் ஏறாது என்றாள் ராஜபாய்.

"நாம இல்லண்ணா அக்கரையில இருந்து ஆள் எறக்குவாரு," என்றது ஒரு பயந்த குரல்.

"எறக்கட்டு. அவளுவளுக்கும் பிள்ள உண்டுல்லா? அவளுவ பெத்தது மட்டும் புல்லுக் கட்டா?" என்றாள் ராஜபாய். "கூலியக் கொறச்சாரு, வயித்தச் சுருக்கிக்கிட்டோம். நமக்க வயிறு, நாம சுருக்கலாம். அந்தக் கொச்சுப் பிள்ளைக்க எலும்ப நாம சுருக்க முடியுமா மக்கா?"

பயந்தவள் கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டாள். "அப்போ நாளைக்கு எனக்க கல்லும் வெறுங்கல்லுதான்," என்றாள்.

மறுநாள் விடியலில் சூட்டுகள் வழக்கம்போல் வந்தன. வழக்கம்போல் மணலில் அணைந்தன. யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. தங்கள் தங்கள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கொட்டுவடி பக்கத்தில் கிடந்தது.

ராகேலும் செல்லத்தாயும் பலகையைத் தூக்கி வந்து, பூட்டிய புரையின் தாழ்வாரத்தில் வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளும் வந்தன. மேஸ்திரி ஓடிவந்தான். முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். பாதிவழியில் நின்றவன் அக்கரைக்குப் போகும் வள்ளத்தில் ஏறினான். ஆள் கூட்டிவரப் போகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்குள் ராசன் தலையை உருட்டத் தொடங்கிவிட்டான். நேற்றைக்கு மேல் களைத்திருந்தான். கண் செருகியது, ஆனால் உறக்கம் வரவில்லை. முதுகு வளைந்தது. ராகேல் இடது கையால் பிடித்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"செல்லத்தாய்," என்றாள். "துள்ளுதான்."

செல்லத்தாய் கல்லைப் பார்த்தாள். கொட்டுவடியைப் பார்த்தாள். அவள் தல்லினால் நேற்றைய பேச்சு பாழ். தல்லாவிட்டால் பிள்ளையின் கால் பாழ்.

ராஜபாய்தான் கொட்டுவடியை எடுத்தாள். எதிரே இருந்த, ஒன்றும் வைக்காத கல்லில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"டொக்" என்றது கல். ஈரத்தொண்டில் விழும் மொத்தைச் சத்தம் அல்ல. காய்ந்த, எலும்பில் படுகிற சத்தம். இன்னொரு அடி. அடுத்த கல்லில் பயந்தவள் எடுத்தாள். அதற்கடுத்தவள் எடுத்தாள். அடிகள் முதலில் முன்னும் பின்னும் விழுந்தன. பிறகு ஒன்றையொன்று தேடிப் பிடித்துத் தாளமாயின. மூன்று பேர் ஓய்ந்தால் மூன்று பேர் எடுத்தார்கள். ஒரு தொண்டு நசுங்கவில்லை, ஒரு தும்பு பிரியவில்லை, கரை முழுக்க அடி முழங்கிற்று.

ராசனின் முதுகு மெல்லத் தாழ்ந்தது. வாய் திறந்துகொண்டது. ராகேல் பிடியைத் தளர்த்தினாள். பிள்ளை அசையவில்லை.

அந்த ஓசை சாலைக்கு மேலிருந்த மாடிவீட்டுக்கும் போயிற்று. தூரத்தில் கேட்பவருக்கு எல்லா அடியும் அடிதான். பெண்கள் தண்ணீரில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த யேசுரத்தினம் முதலாளி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கோபம் தணிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தார். வரும்போதே குரல் கொடுத்தார்.

"இவ்வளவுதானாட்டி ஒங்க வீறாப்பு? நேரத்தோட வந்த புத்தி கொள்ளாம், நல்லதுதான். எவ்வளவு தல்லினீங்க, தும்பக் காட்டுங்க."

யாரும் எழவில்லை. அடியும் நிற்கவில்லை. அவர் கற்களுக்கு நடுவே நடந்தார். முதல் கல்லில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. காய்ந்த கல்லில் கொட்டுவடி விழுந்து விழுந்து வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"என்ன கூத்து இது? தொண்டு எங்க?"

"தண்ணிக்குள்ள பத்திரமாக் கிடக்கு மொதலாளி. ஒங்க தொண்டு. நாங்க தொடல்ல, களவுண்ணு சொல்லிட்டீங்கல்லா," என்றாள் ராஜபாய்.

"வெளையாடுதீங்களா? எல்லாரும் எறங்கிப் போங்கட்டி. ஏட்டி ராகேல், பிள்ளையளத் தூக்கிட்டு வெளிய போ. இப்பம் போகணும்."

ராகேலின் வாய்க்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. 'சரி' என்று நாக்கு மேலே போய் ஒட்டியது. அவள் பலகையைப் பார்த்தாள். முழங்காலில் சிவந்த தடம் மங்கியிருந்தது. தப்பைக்கு வெளியே பிள்ளையின் பாதம் நேராய் நின்றது.

"பைய பேசுங்க மொதலாளி," என்றாள். "பிள்ள ஒறங்குது."

அவள் கத்தவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். முதலாளி அவளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அக்கரையில இருந்து ஆள் வருது. பாத்துக்கிட்டே இருங்க. உச்சைக்குள்ள ஒங்க கல்லுல வேற ஆளு இருப்பா."

எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அக்கரை முதலாளி வேறு, கரை வேறு. ஆனால் அங்கேயும் இதே தொண்டு, இதே நாற்றம். காலையிலிருந்து அங்கே தல்லும் மொத்தைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது நின்றது.

ராஜபாயின் முகம் இறுகியது. புறப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். செல்லத்தாய் கொட்டுவடியை மார்போடு பிடித்துக்கொண்டாள். பயந்தவள் மட்டும் விடாமல் தல்லினாள். அந்த ஒற்றை அடிதான் கரையில் மிஞ்சியது.

தென்னைகளுக்கு நடுவில் மேஸ்திரியின் வள்ளம் தெரிந்தது. அதில் துடுப்புக்காரனைத் தவிர அவன் மட்டும்தான் இருந்தான். துடுப்புப் போடுகிறவனின் பக்கம் திரும்பி உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தான்.

அவன் பாதித் தூரம் வந்தபோது அக்கரையில் அடி மறுபடி தொடங்கியது. மொத்தைச் சத்தம் அல்ல. காய்ந்த சத்தம்.

செல்லத்தாய்க்கு முதலில் புரியவில்லை. ராகேலுக்குப் புரிந்தது, அங்கேயும் வெறுங்கல். இந்தக் கரையின் ஒற்றை அடிக்கு அங்கே ஒரு அடி விழுந்தது, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாதபடி. ராஜபாய் ஒன்றும் சொல்லாமல் கொட்டுவடியை எடுத்தாள். சொல்ல வேண்டியதை யாரோ தண்ணீருக்கு அப்பால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி நின்றுகொண்டிருந்தார். புரைக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவர் மடியிலேயே இருந்தது. இன்றைக்குக் கஞ்சிக்கு என்ன வழி என்று கரையில் ஒருத்திக்கும் தெரியாது.

ராகேல் மரத்த கையை எடுத்து, இந்த முறை பார்த்துப் பார்த்து, தப்பைக் கட்டின் மேல் மெதுவாக வைத்தாள். இரண்டு கரையின் அடியும் பலகை வழியாக ஏறி அந்தக் கட்டுக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. கைக்கு அது தெரியவில்லை. முழங்கை வரை வந்தபோது தெரிந்தது.

பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தான்.